பெட்டியில் இரண்டு, பலகையில் ஒன்று

ஒரு குளக்கரை நாணலில் நாரைக் கூட்டம் ஒன்று வாழ்ந்தது. அதன் தலைவி மிகவும் கண்டிப்பானவள். முட்டையை உடைத்துவிட்ட நாரையைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தி, உடைந்த ஓட்டை அதன் கழுத்தில் கட்டி, ஒரு பகல் முழுதும் ஒற்றைக் காலில் நிற்கவைப்பாள். தினமும் காலையில் கூடு கூடாகச் சென்று முட்டைகளை எண்ணுவாள். எண்ணிக்கை ஒருநாளும் குறைந்ததில்லை. எல்லாம் தன் கண்டிப்பின் மகிமை என்று கழுத்தை இன்னும் ஒரு சாண் நீட்டிக்கொள்வாள்.

மீதிக் கதை பிறகு. நம் மூத்தவள் பட்டறைக் கதவைத் திறந்துவிட்டாள்.

சென்ற வாரம், தம்பியோடு பேசிக்கொண்டிருந்த தொலைபேசியை அவள் பாதிப் பேச்சில் துண்டித்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். ஓர் இரவு உறங்கி எழுந்தும் அந்தக் கோபம் ஆறவில்லை. காலை எட்டரை மணிக்கு அவள் உள்ளே நுழைந்தபோது அதுவும் கூடவே நுழைந்தது.

பட்டறை என்றால் இரும்படிக்கிற பட்டறை அல்ல. பல் கட்டுகிற பட்டறை. வீட்டின் முன்னறைதான். பல் மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகளைக் கணினியில் ஏற்றி, திரையில் பல்லை வடித்து, மில்லிங் இயந்திரத்தில் வெள்ளைப் பீங்கான் வில்லையைக் கடைந்து, சூளையில் சுட்டு, மெருகேற்றிக் கொடுப்பாள். அப்பா மெழுகை வைத்துக்கொண்டு கையால் செய்த தொழிலை இவள் கணினியை வைத்துக்கொண்டு செய்கிறாள்.

அந்தக் கணினிதான் மூன்று வாரங்களாக மக்கர் செய்தது. இயந்திரம் கடைந்துகொண்டிருக்கும்போதே திரை உறைந்துவிடும். கட்டளை வராமல் திகைத்துப்போன ஊசி, நின்ற இடத்திலேயே சுழன்று பல்லில் பள்ளம் பறித்துவிடும். இதுவரை ஏழு கேப்கள், அதாவது பல்லின்மேல் மாட்டும் உறைகள், பாழ்.

பாழானவை குப்பைக்குப் போகவில்லை. அலமாரியின் நடுத்தட்டில், வருவோர் போவோர் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு பெரிய கண்ணாடிக் குப்பி இருந்தது. இந்தப் பட்டறையில் யார் கையால் ஒரு பல் கெட்டாலும் அது அந்தக் குப்பிக்குள் போகும். நாள், காரணம், பெயர் மூன்றையும் கெடுத்தவரே எழுதிய சீட்டோடு போகும். அப்பா தொடங்கிவைத்த வழக்கம். மூத்தவள் அதை வேதமாகக் காத்துவந்தாள். வேலைக்கு வந்த இரண்டு பெண்கள் அந்தக் குப்பியைப் பார்த்தே நின்றுவிட்டார்கள் என்று அவள் கணவர் சொல்வதுண்டு. அவள் அதைப் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டாள். தம்பி பெயரில் மட்டும் பதினொரு சீட்டு. அவசரம் என்பது வீட்டில் அவனுக்கு வைத்த பட்டப்பெயர். பதினோராவது சீட்டோடு அவன் பல் தொழிலுக்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கணினி பழுதுபார்க்கும் கடைக்குப் போய்விட்டான்.

அண்மையில் கெட்ட ஏழு கேப்களுக்கான சீட்டுகளில், பெயர் எழுத வேண்டிய இடத்தில் ‘கணினி’ என்று எழுதியிருந்தாள்.

இயந்திரம் விற்ற கம்பெனிக்குப் போன் செய்தபோது, கணினியின் பயாஸை முதலில் அப்டேட் செய்யுங்கள், பிறகு பேசுவோம் என்று சொல்லிவிட்டார்கள். பயாஸ் என்பது கணினி கண் விழித்தவுடன், மற்ற எதுவும் தொடங்குவதற்கு முன்னால், ஓடுகிற சின்னஞ்சிறு நிரல். மதர்போர்டு என்கிற தாய்ப்பலகையில், நகக்கண் அளவுள்ள ஒரு சில்லில் அது பதிந்திருக்கும். அதைப் புதுப்பித்தால் பழைய கோளாறுகள் தீரலாம். புதுப்பிக்கும்போது பாதியில் எதுவும் தவறினாலோ, கணினி கண்ணையே திறக்காமல் போகலாம்.

இந்த வேலைக்கு அவசரத்தைவிடப் பொருத்தமான ஆள் யார்? இரண்டு வருடங்களுக்கு முன் அந்தக் கணினியை உதிரிபாகம் உதிரிபாகமாகப் பூட்டித் தந்தவனே அவன்தான். ஆனால் மூன்று வாரமாக அவன் சொன்ன பதில் ஒன்றே ஒன்று: தொடாதே. ஏன் என்றால் காரணம் இல்லை. வா என்றால் நேரம் இல்லை. ஊரார் கணினிக்கெல்லாம் நாள் தவறாமல் அப்டேட் போடுகிறவன், உடன்பிறந்தவள் கணினிக்கு மட்டும் வேண்டாம் என்கிறான். வைத்தியனே மருந்தைக் கண்டு ஓடினால் நோயாளி என்ன நினைப்பாள்? தன்னை அவன் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை என்றே மூத்தவள் நினைத்தாள்.

அன்றைய நாளோ தள்ளிப்போட முடியாத நாள். ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்லும் ஒரு பெண்மணி, படியில் விழுந்து முன்பற்கள் நான்கையும் உடைத்துக்கொண்டு, மூன்று வாரமாக வாய் திறக்காமல் வீட்டில் இருந்தார். அவர் இடத்தில் பதிவு செய்த குரல் ஒன்று பேசிக்கொண்டிருந்தது. நாளைக் காலை அவர் வேலைக்குத் திரும்பாவிட்டால் அந்தக் குரலையே வைத்துக்கொள்வதாக மேலதிகாரி சொல்லிவிட்டார். ஒருமுறை கடைந்தது பாழாகிவிட்டது. இனி மறுபடி கடையப்போகும் கேப்கள் நான்கும் இன்று மாலை ஐந்து மணிக்குப் பல் மருத்துவரம்மாவின் கையில் இருக்க வேண்டும். கையிருப்பில் ஒரே ஒரு பீங்கான் வில்லைதான். அதில் ஐந்து பற்களுக்கு மேல் தேறாது.

“அவன் வேணாம். நாமளே பண்ணிடலாம்,” என்றாள் மூத்தவள்.

அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். அன்று அவருக்கு விடுமுறை. டயரைத் தட்டிப் பார்க்காமல் வண்டி எடுக்காத மனிதர். இதையும் அப்படித்தான் தொடங்கினார். நோயாளிகளின் அச்சுகள் எல்லாவற்றையும் தனி வட்டில் நகலெடுத்தார். கணினியை யூ.பி.எஸ்.ஸில் மாட்டி, அதில் மின்சாரம் நிறைந்திருக்கிறதா என்று பார்த்தார். பயாஸ் திரைக்குள் போய் அமைப்புகளைப் பக்கம் பக்கமாகக் கைபேசியில் படம் எடுத்தார். வட்டுக்குப் போட்டிருந்த ரகசியப் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தார்; இல்லாவிட்டால் புதுப்பித்த பிறகு அது நீண்டதோர் எண்ணைக் கேட்டு அடம்பிடிக்குமாம்.

“ஓடற வண்டிக்கு டயர் மாத்தற வேலைம்மா இது. இன்னைக்கே வேணுமா?” என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தார்.

“ஏழு பல்லு போச்சு. இன்னும் எத்தனை போகணும்ங்கிறீங்க?”

அவர் பரணிலிருந்து தாய்ப்பலகை வந்த அட்டைப்பெட்டியை இறக்கினார். அதன் பக்கவாட்டில் மாதிரியின் பெயரும், ‘பதிப்பு இரண்டு’ என்ற குறிப்பும், வரிசை எண்ணும் இருந்தன. முகப்பில் பெரிய எழுத்தில் ஒரு பெருமையும் அச்சிட்டிருந்தது: இதில் பயாஸ் சில்லு ஒன்றல்ல, இரண்டு, ஒன்று கெட்டாலும் மற்றது எழுப்பிவிடும். அதைப் படித்ததும் ஓட்டுநருக்கு ஸ்டெப்னியைக் கண்ட நிம்மதி. தயாரிப்பாளரின் பக்கத்துக்குப் போய், பதிப்பு இரண்டுக்கான கோப்பை இறக்கி, பென்டிரைவில் ஏற்றி, பயாஸ் திரையிலிருந்தே அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்.

கணினி மறுத்துவிட்டது. இந்தக் கோப்பு இந்தப் பலகைக்கு உரியது அல்ல என்று சிவப்புப் பட்டையில் ஒரு வரி தோன்றியது.

வேறு பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். மறுபடியும் சிவப்பு. அவர் கைபேசியில் தேடிப் பார்த்து, இந்தச் சோதனையைத் தாண்டிக் கட்டாயமாக ஏற்றவும் ஒரு வழி இருப்பதாகவும், யாரோ ஒருவர் அப்படி வெற்றிகரமாகச் செய்திருப்பதாகவும் சொன்னார். பெட்டியில்தான் இரண்டு சில்லு இருக்கிறதே என்றார்.

மூத்தவளின் கை விசைப்பலகைக்கு மேலே நின்றது. அவள் கோபக்காரிதான், ஆனால் முப்பது வருடம் பல்லோடு பழகியவள். ஒரு கேப் உட்காரவில்லை என்றால் அழுத்தி உட்காரவைப்பவர் கைகாரர் அல்லர். ஏன் உட்காரவில்லை என்று எடுத்துப் பார்ப்பவரே கைகாரர். இது அவளுக்கு விரலிலேயே ஊறிய பாடம்.

“இருங்க. அது வேணாம்னு சொல்லுதுல்ல. ஏன் சொல்லுதுன்னு பாப்போம்,” என்றாள். கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பக்கவாட்டு மூடியின் திருகுகளைக் கழற்றினாள்.

பல்லின் வெடிப்பைப் பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டு உள்ளே குனிந்தாள். தூசியைத் தூரிகையால் துடைத்தாள். பலகையின் ஓரத்தில் மாதிரியின் பெயர் இருந்தது. பெட்டியில் உள்ள அதே பெயர்தான். பதிப்பு எண், மூலையில் எறும்பு வரிசைபோல் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது.

பதிப்பு ஒன்று.

வரிசை எண்ணைப் பெட்டியோடு ஒப்பிட்டாள். ஓர் இலக்கம்கூட ஒத்துப்போகவில்லை. பயாஸ் சில்லு இருக்குமிடத்தைத் தேடினாள். ஒரு சில்லு இருந்தது. அதற்குப் பக்கத்தில், இரண்டாவது சில்லு உட்கார வேண்டிய இடத்தில், எட்டு ஈயப் பொட்டுகள் மட்டும் காலியாகப் பளபளத்தன. பல் விழுந்த ஈறுபோல.

பலகையின் அடியோரத்தில், தம்பி வேலை பார்க்கும் கடையின் பழுப்பேறிய சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. மையால் எழுதிய தேதி, அவள் கணினி வாங்கிய நாளுக்கு நான்கு வருடம் முந்தையது. கையெழுத்து யாருடையது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதே சாய்வெழுத்துச் சீட்டுகள் அலமாரிக் குப்பியில் பதினொன்று இருந்தன.

அவள் கண்ணாடியைக் கழற்றிக் கணவரிடம் நீட்டினாள். அவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர வெகுநேரம் ஆயிற்று.

“பழைய போர்டு,” என்றார்.

“புதுசுன்னு பெட்டியைக் கையில குடுத்துட்டு, எவனோ கழிச்சுப்போட்டதை உள்ள வச்சிருக்கான். ரெண்டு வருஷமா இது முன்னாடிதான் நான் உட்கார்ந்திருக்கேன். என் தம்பி பூட்டினதுன்னு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லியிருக்கேன்.”

அவள் குரல் உயரவில்லை. உயராதபோதுதான் அவளுக்கு அஞ்ச வேண்டும் என்பது ஓட்டுநருக்குத் தெரியும். அவர் பலகையின் மூலையைப் படம் எடுத்து மைத்துனனுக்கு அனுப்பினார். கீழே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

இருபது நிமிடத்தில் வாசலில் வண்டி வந்து நின்றது. மூன்று வாரமாக நேரமில்லாதவனுக்கு, வேலைநாளின் பதினோரு மணிக்கு நேரம் கிடைத்துவிட்டது. கடையில் அணியும் நீலச் சட்டைகூட இல்லாமல், கசங்கிய வெள்ளைச் சட்டையோடு உள்ளே வந்து, திறந்து கிடந்த கணினியைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“வாங்க சார். உங்க கைவேலையைத்தான் பார்த்துக்கிட்டிருக்கோம்,” என்றாள் மூத்தவள்.

“அக்கா...”

“அக்கான்னு கூப்பிடாத. நல்ல போர்டை எவன் கணினியில மாட்டின?”

“யாருக்கும் மாட்டலை. வீட்ல பீரோவுல இருக்கு. ப்ராசஸர் உட்கார்ற இடத்துல பின்னு வளைஞ்சு போச்சு.”

பிறகு அவன் சொன்னதைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான். அன்று புதுப் பலகையில் ப்ராசஸரை வைக்கும்போது கட்டைவிரல் வழுக்கி, மயிரிழைபோன்ற ஊசிகளில் ஒரு வரிசை மடங்கிவிட்டது. நிமிர்த்தப் பார்த்ததில் இரண்டு முறிந்தன. கடையின் மூலையில், வாடிக்கையாளர் ஒருவர் கழித்துவிட்டுப் போன அதே மாதிரிப் பலகை கிடந்தது. பெயர் ஒன்று, பதிப்புதான் பழையது. திரையில் பார்த்தால் பெயர் மட்டுமே தெரியும். ஒரு மாதத்துக்குள் புதியது வாங்கி மாற்றிவிடலாம் என்று நினைத்தான். அந்த ஒரு மாதம் இரண்டு வருடமாக நீண்டுவிட்டது.

“அன்னைக்கு நீ நாலு தடவை போன் பண்ணின. ஆச்சா, ஆச்சான்னு,” என்றான் கடைசியாக.

“ஓ. அப்ப என்மேலதான் தப்பு.”

“அப்படிச் சொல்லலை.”

“சொல்லேன். உன் விரல் வழுக்கினதுக்கும் நான்தான் காரணம்னு சொல்லிடு. ஏழு பல்லு போனதே, தெரியும்ல உனக்கு? ஒவ்வொண்ணு போனப்பவும் உனக்குத்தானே போன் பண்ணினேன். அந்தப் பக்கம் ‘ம்’ கொட்டிக்கிட்டு இருந்தியே, அப்ப ஒரு வார்த்தை வாயில வந்ததா? சத்தமில்லாம வந்து நீயாவது சரிபண்ணியிருக்கலாம்ல?”

“உன் முன்னாடி எதையாவது சத்தமில்லாம செய்ய முடியுமா? பெட்டியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எழுத்து எழுத்தாப் படிப்ப. ஏன் பதிப்பு ரெண்டுக்குப் பதிலா பதிப்பு ஒண்ணு போடறன்னு கேப்ப. தவிர, இதுல சில்லு ஒண்ணுதான். அது செத்துப்போச்சுன்னா உன் கண்ணெதிரதான் இதைத் திறக்கணும்.”

“சொல்லியிருக்கலாமே மச்சான்,” என்றார் ஓட்டுநர், இருவருக்கும் நடுவே ஒரு பலகை போடுவதுபோல. “விரல் வழுக்கறது யாருக்கும் நடக்கறதுதான்.”

தம்பி அலமாரியை நோக்கிக் கையை நீட்டினான்.

“எங்க மாமா சொல்றது? அதுலயா?”

மூவரும் குப்பியைப் பார்த்தார்கள்.

“போர்டு அதுக்குள்ள போகாது. அதுக்குன்னு தனிக் குப்பி வாங்கியிருப்பா. பேரை எழுதி, தேதியை எழுதி, வர்ற டாக்டருக்கெல்லாம் காட்டியிருப்பா. பதினோரு சீட்டு இருக்கு என் பேர்ல. பதினேழு வயசுல கெடுத்த பல்லு. இன்னமும் இருக்கு. நேத்து தெருவுல பார்த்த கூரியர்காரர்கூட, இங்க வந்தப்ப அதைப் படிச்சிருக்காரு போல, நீங்கதான் அந்த ஆளான்னு கேட்டாரு.”

“அப்பா வச்சதுடா அது. கண்ணும் கருத்துமா இருக்கணும்னு வச்சது.”

“அப்பா இருந்தப்ப அதுல பாதி அப்பா பேருதான் இருக்கும். அவர் கெடுத்ததை அவரே முதல்ல போடுவாரு, சிரிச்சுக்கிட்டே. உன் பேரு எத்தனை சீட்டுல இருக்கு?”

மூத்தவள் மேசைமேல் சிதறிக் கிடந்த திருகாணிகளைக் கிண்ணத்தில் பொறுக்கிப் போட்டாள்.

“முப்பது வருஷத்துல ஒரு பல்லுகூட உன் கையால கெட்டதில்லையா அக்கா?”

“இல்லை,” என்றாள்.

ஓட்டுநர் எதையோ தேடுவதுபோல் திருகாணிக் கிண்ணத்துக்குள் பார்வையைத் திருப்பிக்கொண்டார். எட்டு வருடங்களுக்கு முன் ஒரு பிற்பகலில், கழுவு தொட்டியின் குழாய் அடைத்துக்கொண்டதென்று அவர் கழற்றிப் பார்த்தபோது, விளிம்பு உடைந்த கடைவாய்ப்பல் ஒன்று உள்ளே சிக்கியிருந்தது. அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவளிடம் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் அவர் எடுத்ததை அவள் அடுப்படி வாசலில் நின்று பார்த்திருந்தாள்.

நாரைக் கதையின் மீதி இதுதான். வசந்தம் வந்தது, முட்டைகள் பொரிய வேண்டிய நாளும் வந்தது. பாதிக் கூடுகளில் ஒன்றும் அசையவில்லை. தலைவி அலகால் தட்டிப் பார்த்தாள். அத்தனையும் குளத்தங்கரைக் கூழாங்கற்கள். பயந்த நாரைகள் பொறுக்கிவந்து வைத்தவை. தான் இத்தனை நாளும் பெருமையோடு எண்ணியது கற்களை என்று அறிந்தபோது தலைவிக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. யார்மேல் என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

மணி பன்னிரண்டைத் தொட்டது. சண்டைக்கு நேரம் இருந்தது; அறிவிப்பாளரின் பல்லுக்கு இல்லை.

பதிப்பு ஒன்றுக்கும் ஒரு புதுப்பிப்பு இருக்கிறது என்றான் தம்பி. தயாரிப்பாளரின் பக்கத்திலேயே, நீண்ட நேரம் தகவல் அனுப்பும்போது கணினி உறைந்துபோகும் கோளாறைத் தீர்ப்பது என்று குறிப்பும் போட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டதும் மூத்தவளுக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் வாயைத் திறந்து ஒரு வரி சொல்லியிருந்தால் ஏழு பல்லும் பிழைத்திருக்கும்.

“இப்பவே போட்டுடவா?” என்றான் அவன். கை அதற்குள் பையைத் திறந்துவிட்டது.

“கையை எடு. ஒத்தைச் சில்லு. இப்ப செத்துதுன்னா அந்தம்மாவுக்கு யார் பல்லு குடுக்கறது? முதல்ல பல்லு. அது வாசலைத் தாண்டினப்புறம்தான் இது.”

அவளிடம் ஒரு குறிப்பேடு இருந்தது. கணினி உறைந்த ஒவ்வொரு முறையும், இயந்திரம் எத்தனை நிமிடம் ஓடிய பிறகு உறைந்தது என்று அதில் எழுதிவைத்திருந்தாள். அரைமணிக்கு முன்னால் ஒருமுறைகூட உறைந்ததில்லை. நான்கு பல்லையும் ஒரே ஓட்டத்தில் கடைந்தால் ஒரு மணிக்கு மேல் ஆகும். ஒற்றைப் பல்லுக்குப் பதினெட்டு நிமிடம்தான். ஆகவே ஒரு பல்லைக் கடைவது, கணினியை அணைத்து எழுப்புவது, அடுத்த பல்லைக் கடைவது. வேலை இரட்டிப்பு, ஆபத்து இல்லை. பழைய கோளாறோடு ஒரு நாள் குடித்தனம் நடத்திவிடலாம். புதிய சாவோடு முடியாது.

தம்பி மூடியைப் பூட்டினான். பிறகு மூன்று மணிநேரம் அந்த அறையில் இயந்திரத்தின் இரைச்சலைத் தவிர வேறு பேச்சில்லை. அவன் கணினியை அணைப்பான், எழுப்புவான். அவள் பல்லைப் பிரித்தெடுப்பாள், விளிம்பைத் தேய்ப்பாள், சூளையில் வைப்பாள். இருவரும் ஒருவர் கையை ஒருவர் கை தொடாமல் பொருள்களை மேசையில் வைத்து வைத்து எடுத்துக்கொண்டார்கள். ஓட்டுநர் தேநீர் கொண்டுவந்து வைத்தார். இரண்டு குவளையும் ஆறிப்போயின.

முதல் பல் வந்தது. இரண்டாவது வந்தது.

மூன்றாவதைத் தேய்க்கும்போது மூத்தவளின் மனம் விரலில் இல்லை. ‘முப்பது வருஷத்துல ஒண்ணுகூடவா’ என்ற கேள்விக்குப் புதிய புதிய பதில்களாக உள்ளுக்குள் எறிந்துகொண்டிருந்தாள். எறிகிற வேகத்தில் சாணைக்கல் ஒரு நூல் அதிகமாக இறங்கிற்று. சின்னதாக ஒரு ‘டிக்’. விளிம்பில் பிறை வடிவில் ஒரு சில்லு தெறித்துப் போயிற்று.

அந்த ஓசை தம்பிக்கும் கேட்டது. பல் பட்டறையில் வளர்ந்தவனுக்கு அந்த ஓசை தெரியாமல் இராது. அவன் திரும்பிப் பார்த்தான். உடனே பார்வையை எடுத்துத் திரையில் வைத்துக்கொண்டான். ஒன்றையும் காணாதவனாக வட்டின் விளக்கு மின்னுவதைக் கவனித்தான்.

வில்லையில் ஐந்தாவது பல்லுக்கு இடம் இருந்தது. ஆகையால் கெட்டது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. கழுவு தொட்டி இரண்டடி தூரத்தில் இருந்தது.

அவன் பார்வையை எடுத்துக்கொண்டதுதான் அவளைச் சுட்டது. அதில் ஏளனம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். அவன் அவளுக்காக மறைக்கத் தயாராக இருந்தான். அத்தனை நன்றாக மறைக்க அவனுக்குக் கற்றுக்கொடுத்தது எது என்று அவள் கேட்டுக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

அலமாரிக்குச் சென்று சீட்டுக் கட்டை எடுத்தாள். நாளை எழுதினாள். காரணம்: கோபத்தில் தேய்த்தது. பெயர் எழுதும்போது பேனா முனை தாளைக் கிழித்தது. இன்னொரு சீட்டு எடுத்து, எட்டு வருடம் முந்தைய ஒரு தேதியை எழுதினாள்.

“என்னங்க, அந்தப் பல்லைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?” என்றாள் கணவரைப் பாராமல்.

எந்தப் பல் என்று அவர் கேட்கவில்லை. உள்ளே போய், தம் பழைய சீருடைச் சட்டையின் பையிலிருந்து அதை எடுத்துவந்து கொடுத்தார். குப்பிக்குள் இரண்டும் விழுந்த சத்தம் ஒரே மாதிரி இருந்தது. ‘கணினி’ என்று எழுதிய ஏழு சீட்டுகளையும் வெளியே எடுத்து, மடித்து, கிழித்துப் போட்டாள். அந்த ஏழு பற்களுக்கும் இனி யார் பெயரை எழுதுவது என்று அவள் தீர்மானிக்கவில்லை.

“நல்லவளாயிட்டேன்னு நினைச்சுக்காத. உன்மேல இருக்கற கோபம் அப்படியேதான் இருக்கு,” என்றாள் தம்பியிடம்.

“தெரியுது,” என்றான் அவன். “நாலாவது ஏத்தட்டுமா?”

நாலே முக்காலுக்கு, பஞ்சு விரித்த சிறு டப்பியில் நான்கு பற்களோடு ஓட்டுநர் வண்டியை எடுத்தார். ஐந்தரைக்குத் திரும்பிவந்தார். பற்கள் பொருந்திவிட்டன, அந்த அம்மாள் மருத்துவரின் நாற்காலியிலேயே உட்கார்ந்து, மூன்றாவது நடைமேடை என்று மூன்று முறை சொல்லிப் பார்த்தாராம்.

அதன் பிறகுதான் பயாஸ். இந்த முறை பென்டிரைவில் கோப்பை ஏற்றிய தம்பி, அதன் பெயரை வாய்விட்டுப் படித்தான். மூத்தவள் மூடியை மறுபடி கழற்றி, உருப்பெருக்கியோடு பலகையின் மூலையைப் படித்தாள். பதிப்பு ஒன்று, பதிப்பு ஒன்று. யூ.பி.எஸ். கம்பி, வட்டின் பூட்டு, காலையில் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஓட்டுநர் இன்னொருமுறை தட்டிப் பார்த்தார். கணினி கோப்பை ஏற்றுக்கொண்டது. திரையில் பட்டை நகர்ந்தது. மூவரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். யாரும் எதையும் தொடவில்லை. தும்மல் வந்தபோது ஓட்டுநர் வெளியே போய்த் தும்மிவிட்டு வந்தார்.

திரை இருண்டது. விசிறி நின்றது. மறுபடி சுழன்றது. பிறகு வெளிச்சம் வந்தது. கடிகாரம் பல வருடம் பின்னுக்குப் போயிருந்தது. அமைப்புகள் எல்லாம் பிறந்த நிலைக்குத் திரும்பியிருந்தன. படங்களைப் பார்த்து அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவன் ஒவ்வொன்றாக மாற்றினான். இனி உறையுமா உறையாதா என்பது நாளைக்கு ஒரு மணிநேரம் ஓடிய பிறகுதான் தெரியும்.

தம்பி பையை மூடினான். வாசல்வரை போனான். வழக்கமாக அதற்குள் வண்டிச் சத்தம் கேட்டிருக்கும். இன்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அக்கா, இன்னொண்ணும் இருக்கு,” என்றான். “இதைவிடப் பெருசு.”

அப்போதுதான் காலையிலிருந்து கண்ணெதிரே இருந்ததை அவள் கண்டாள்: வேலைநாளில், கடையின் நீலச் சட்டைக்குப் பதிலாகக் கசங்கிய வெள்ளைச் சட்டையை. அவன் கண்கள் அவளைக் கடந்து அலமாரிக்குப் போய்விட்டுத் திரும்பின. கேட்க வேண்டிய கேள்வி சுடச்சுட அவள் நாக்கு நுனிக்கு வந்தது. பல்லைக் கடித்து அதை நிறுத்தினாள்.

காலால் முக்காலியை அவன் பக்கம் தள்ளினாள்.

“உட்கார்ந்து சொல்லு,” என்றாள். குரலில் கோபம் குறையவில்லை.

அந்தப் பட்டறையில் பதினேழு வயதிலிருந்து ஒருநாளும் உட்கார்ந்தறியாத அவசரம், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.